மாயூரத்து முனிசீப்

யான் முன்னர்ப் படிப்பித்த சிறுநகர் ஒன்றில், எமது விடுதிக்கு அயலில் மூதாட்டியார் ஒருவர் வாழ்ந்தார். ஒருநாள் மாலை அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதம் ஒன்றை அவிழ்த்து என் கையிற் கொடுத்து, அதனைப் படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்டார். அஃது ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவித்தல். முழுவதும் சிங்களத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தொல்காப்பியத்துக்கு உரை சொல்லும் பண்டிதருக்கு அக்கடிதத்தில் ஒரு வரிதானும் விளங்கவில்லை. இருவருமாகச் சந்தியிலிருந்த பாண்கடைக்குச் சென்றோம். கடை முதலாளி சிங்களம் வாசிக்க வல்லவர். வீட்டுக்குரிய சோலைவரி உயர்த்தப்பட்டிருப்பதாகவும், மறுப்புக் கூற விரும்புவோர் குறித்த நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்றும் அவர் படித்துச் சொன்னார். குறித்த நாள் கழிந்து ஒன்பது நாளாகியிருந்தது. மூதாட்டியார் ஒன்றும் பேசாது கடிதத்தை மடித்து மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வீடு நோக்கி நடந்தார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வேளை என் நினைவில் வந்து நின்றவர் மாயூரம் வேதநாயகம்பிள்ளை அவர்கள். இஃதென்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். எம் மாணாக்கர் அவரைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் ஒரே வாக்கியத்தில் அறிவர். பரீட்சையில் பிரதாப முதலியார் சரித்திரம் என்று எழுதி, பக்கத்தில் 1879 என்று ஆண்டையும் இட்டுவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை. ஆயின் அப்பெரியார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாவல் எழுதிக் கழித்தவர் அல்லர். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளராயும், முனிசீபாயும், பின்னர் ஒரு சிறு நகரத்துச் சபையின் தலைவராயும் வாழ்ந்தவர். அரசாங்கம் குடிமக்களோடு எந்த மொழியிற் பேசவேண்டும் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றியிருந்தது. அவருடைய இலக்கியமும் அந்தக் கேள்வியினின்றே பிறந்தது என்பது என் துணிபு.

திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆம் திகதி, சவரிமுத்துப்பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக அவர் தோன்றினார். கத்தோலிக்க வேளாளர் குடும்பம். திருச்சிராப்பள்ளியில், நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகபிள்ளை என்பவரிடம் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்றார். இங்ஙனம் கற்றது பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் வித்தாயிற்று. அக்காலத்து இளைஞருள் ஆங்கிலம் வல்லார் தமிழை மறந்தனர். தமிழ் வல்லார் ஆங்கிலத்தைத் தீண்டிலர். வேதநாயகருக்கோ இரண்டும் ஒரே ஆசிரியரின் திண்ணையிலிருந்து வந்தன.

1848இல் அதே நீதிமன்றத்தில் ஆவணங் காப்பவராக அமர்ந்தார். இரண்டாண்டில் மொழிபெயர்ப்பாளர் பதவி கிடைத்தது. அந்தப் பதவி எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீதிபதி ஆங்கிலேயர்; வழக்காளி உழவன். காணி உழவனுடையது, எல்லையும் அவனுடையது, கடனும் அவனுடையது. ஆனால் அவற்றைக் குறித்துத் தன் முன்னிலையில் என்ன பேசப்படுகிறது என்பதை மட்டும் அவன் அறியான். இருவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்லை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பவனே மொழிபெயர்ப்பாளன். சொல் ஒன்று பிசகினால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும். அவ்விடத்தில் ஏழாண்டு நின்ற ஒருவர் மொழியை அலங்காரமாக மட்டும் நினைத்திருக்க இயலாது.

1857இல் அவர் தரங்கம்பாடியில் மாவட்ட முனிசீபாக நியமனம் பெற்றார். தேனியர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்ட கடற்கரைப் பட்டினம் அது. அங்கிருந்து சீகாழி, அங்கிருந்து மாயூரம். முனிசீப் என்பவர் நீதித்துறை ஏணியிற் கீழ்ப்படியில் நிற்பவர். கடன் வழக்கு, வரப்பு வழக்கு, வாய்க்கால் வழக்கு, பாகப்பிரிவினை ஆகிய இவையே அவர்முன் வருவன. ஆனால் ஊர்மக்களுக்கு அரசாங்கம் என்பது அந்த ஒரு மனிதரே. இராசப்பிரதிநிதியை அவர்கள் கண்டதில்லை, முனிசீபைக் கண்டிருக்கிறார்கள். அவர் கைநீட்டினால் அரசாங்கமே கைநீட்டியதாகும். வேதநாயகர் பதவியேற்ற இரண்டாம் ஆண்டிலே, 1859இல், வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தமைத்தார். பிறர் அறம் பாடினால் அது பொதுவறம். பதவியில் இருப்பவர் பாடினால் அது தம் சகபாடிகளின் முகத்துக்கு நேரே பாடியதாகும்.

ஓர் உண்மையை இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும். இளமையில் யான் அந்நூலை மதித்தேனல்லேன். செய்யுளின் நடை வெளிப்படையானது, அணிநயம் குறைந்தது, திருக்குறளைப் படித்த வாய்க்கு இது சப்பென்றிருக்கிறது என்று மாணாக்கரிடமே கூறியிருக்கிறேன். நீதிமன்ற வாசலில் நின்று அந்நூலைப் படிக்கவேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அவர் செய்த காரியங்களுள் மிகுதியும் பேசப்படாதது 1862இல் நிகழ்ந்தது. சென்னைச் சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரையுள்ள அத்தீர்ப்புகளின் சாரத்தை அவர் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரோடு அச்சேற்றினார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! தத்தெடுத்த பிள்ளைக்குப் பங்கு உண்டா, ஒற்றிக் காணியை மீட்கும் காலம் எவ்வளவு என்றாற்போலக் குடிமக்களின் தலையெழுத்தை அறுதியிடும் சட்டம், அவர்கள் அறியாத மொழியில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்தவர் ஒரு கீழ்நிலை நீதிபதி. எவரும் அவரை ஏவவில்லை. கவிதையால் வரும் புகழும் இதனால் வாராது. சட்டச்சொற்களுக்குத் தமிழில் வழக்கேயில்லாத காலத்தில் அதனைச் செய்தவரின் உழைப்பு, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்ட எவருக்கும் எளிதில் விளங்கும். எமது நாட்டிலும் அறிவியற் பாடங்களைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்து ஆசிரியர்கள் பட்ட பாட்டை யான் மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன்.

இனி மாயூரம். 1982இல் மயிலாடுதுறை என்னும் பழைய தமிழ்ப்பெயரை மீண்டும் பெற்று, இன்று மாவட்டத் தலைநகராய் விளங்கும் அவ்வூர், அக்காலத்தில் காவிரிக் கரையில் அமைந்த ஒரு சிறிய நகரம். மாயூரநாதர் கோயிலும், துலாக்கட்டமும், சுற்றிலும் நெல்வயலும், அருகே தருமபுர ஆதீனமும், சற்றுத் தொலைவில் திருவாவடுதுறை ஆதீனமும் உண்டு. ஐப்பசி மாதம் முழுவதும் துலா முழுக்குக்கு மக்கள் திரள்வர். கார்த்திகை முதல்நாள் முடவன் முழுக்கு. சைவ மணம் கமழும் அந்த ஊரில், ஒரு கத்தோலிக்கர் பதின்மூன்றாண்டு நீதிபதியாய் அமர்ந்து, பின்னர் அங்கேயே குடியிருந்து, ஊர்த்தலைமையும் பெற்றார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்புண்டாகும்.

அந்நாளைய மாயூரத்தில் வாழும் பேறு கிடைக்கவில்லையே என்று யான் ஏங்குவதுண்டு. 1871ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை ஒரு தெருவில் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதே ஊரில் வாழ்கிறார். பதினாறு வயதுப் பிராமண இளைஞன் ஒருவன் தந்தையோடு வந்து மகாவித்துவானிடம் மாணாக்கனாகிறான். அவனே பின்னாளில் சங்கநூல்களைப் பதிப்பித்த சாமிநாதையர். அந்த இளைஞன் பாரதியாரிடம் இசையும் பயில, ஆசிரியருக்கு அது உவப்பாயிராமையால் இசையை நிறுத்திவிடுகிறான். இவர்களுக்கிடையே நீதிமன்ற அலுவல் முடிந்தபின் முனிசீப் வேதநாயகர் வந்து அளவளாவுகிறார். நான்கு தெருவுள்ள ஊரில் நால்வரும் கூடியிருந்தனர்! இன்று எமது நகரங்களில் நூலகமும் மண்டபமும் உண்டு. மாலையில் யார் வீட்டுத் திண்ணையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. திண்ணையே இல்லையென்பது வேறு.

மகாவித்துவானுக்கும் வேதநாயகருக்கும் இருந்த நட்பு திருச்சிராப்பள்ளியில் தொடங்கியது. வேதநாயகர் சீகாழியில் முனிசீபாயிருந்த காலத்திலேதான் மகாவித்துவானின் சீகாழிக் கோவை எழுந்தது. பின்னர் அவர் வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடினார். நெற்றியில் நீறணிந்து, தலபுராணங்கள் பலவற்றைப் பாடிய சைவப்புலவர், கிறித்தவர் ஒருவர்மேற் கோவை பாடுவது இன்றைக்கும் எல்லாராலும் இயலுமோ என்பது ஐயம். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகருக்கு நெருங்கிய நண்பர். எங்கள் ஆறுமுகநாவலர் பெருமானுக்கு 1849இல் நாவலர் என்னும் பட்டமளித்த மடமும் அதுவே. நாவலரும் வேதநாயகரும் சமயத்தில் இருவேறு துருவத்தினர். உரைநடையை மக்களுக்குரிய கருவியாக்கியதில் ஒரே பாதையினர். நாவலரின் நடை வழுவற்றது. வேதநாயகரின் நடையோ வடசொல் மிகுந்து, சிலவிடங்களில் நீதிமன்றப் பத்திரம்போல் நீண்டு செல்லும். பண்டிதர் கண்ணுக்கு அது உறுத்தும். என் கண்ணுக்கும் உறுத்துகிறது. என்றாலும் அதிற் பேசுகிறவர்கள் உயிரோடிருக்கிறார்கள்.

எல்லாச் சமயத்தாரும் ஒருங்கு பாடத்தக்கனவாக அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. கச்சேரி மேடைகளில் அக்கீர்த்தனைகளுட் சில பின்னரும் பாடப்பட்டு வந்தன. பெண்களுக்கெனப் பெண்மதிமாலை பாடியதோடு அமையாது, மாயூரத்திலே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையும் ஏற்படுத்தினார்.

1870களின் தொடக்கத்தில் அவர் உத்தியோகத்தினின்றும் நீங்கினார். குளத்தூருக்குத் திரும்பவில்லை, சென்னைக்கும் போகவில்லை. தாம் தீர்ப்புச் சொன்ன அதே மக்களிடையே தங்கிவிட்டார். வழக்கிலே தோற்றவர்களும் வென்றவர்களும் நாடோறும் எதிர்ப்படும் தெருவில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைநிமிர்ந்து நடப்பதற்கு ஒரு துணிவு வேண்டும்.

பின்னர் வந்தது தாது வருடத்துப் பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அது வாட்டியது. இறந்தோர் தொகை இலட்சக்கணக்கில் அமைந்தது. மழை பொய்த்தது ஒரு காரணம். விலையேறிய தானியம் வாங்கும் ஆற்றல் ஏழைக்கு இன்மை மற்றொரு காரணம். களத்தில் நெல் இருந்தது. துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கும் சென்றது. கூலியாளின் பானைக்கு மட்டும் அது வரவில்லை. பஞ்ச நிவாரண வேலைத்தலங்களில் நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிதளவு காசுமே போதுமென அரசாங்கத்தார் 1877இல் விதித்தனர். கடும் வேலை செய்யும் ஒருவனுக்கு ஓர் இறாத்தல்! காவிரி பாய்ந்த தஞ்சைச் சீமை பிற மாவட்டங்களைப் போலக் கருகவில்லை. ஆதலாலேயே பசித்தவர்கள் அதை நோக்கி வந்தனர்.

வேதநாயகர் தம் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டி வைத்தார். உத்தியோகத்திற் சேர்த்த செல்வம் அடுப்பிற் கரைந்தது. ஊரார் கண்முன் நடந்த அச்செயலைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனம் பாடினார். நந்தனைப் பாடிய வாயால் முனிசீபைப் பாடினார் என்பதிலேயே அச்செயலின் பெருமை அடங்கும். பாரதியார் மனிதரை எளிதிற் பாடுபவர் அல்லர். அதே பஞ்சகாலத்தில் யாழ்ப்பாணத்திலே நாவலர் பெருமானும் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். கடலின் இருகரையிலும் இரு தமிழாசிரியர்கள் ஒரே காலத்தில் அகப்பை பிடித்து நின்றார்கள்.

மாயூரம் நகரசபை 1866இல் ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி, ஊர்ப்பொலீசுச் செலவின் பெரும்பங்கை ஊராரே தாங்கவேண்டியிருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை அகற்றி, பாடசாலை, மருத்துவசாலை முதலியவற்றுக்கும் நகரப்பணத்தைச் செலவிட வழிவகுத்தது. தெரு செப்பனிடல், வடிகால் வெட்டல், விளக்கேற்றல், அம்மைப்பால் வைத்தல் என்பன அக்கால நகரசபைகளின் அன்றாடப் பணிகள். திருவிழாக் கூட்டத்தின் பின்னே வாந்திபேதி வந்து நிற்கும் காலம் அது. இவற்றைக் காவியத்திற் பாட எவரும் விரும்பார். ஆயினும் இராச்சியங்கள் மாறினாலும் சாக்கடை அடைத்துக்கொண்டால் குடிமகன் போய்ப் பார்ப்பது நகரசபையையே. றிப்பன் பிரபு 1882இல் உள்ளூராட்சியை உள்ளூராரிடமே விடுதல் வேண்டும் என்று தீர்மானம் செய்தார். ஆனால் தீர்மானத்தை நடத்திக்காட்டத் தகுதியுள்ள உள்ளூரார் அங்கங்கே இருந்தாலன்றோ அது பயன்படும்! மாயூரத்தார்க்கு வேதநாயகர் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதியை, தமக்குக் கஞ்சி வார்த்தவரை, தங்கள் நகரசபைத் தலைவராகக் கண்டார்கள். கோயில் நகரத்தின் தலைமை நாற்காலியில் அமர்வதற்கு அவரது சமயம் தடையாகவில்லை.

இவ்வளவையும் உளங்கொண்டு பிரதாப முதலியார் சரித்திரத்தை மறுபடி திறந்து பாருங்கள். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்த்தற்பொருட்டு எழுதியதாக அவர் ஆங்கில முன்னுரையிற் கூறினார். கதையின் நாயகன் பிரதாபன். ஆனால் ஆள்பவள் ஞானாம்பாள். கணவனைத் தேடி ஆண்வேடத்தோடு சென்ற அவளைப் பட்டத்து யானை மாலையிட்டுத் தேர்ந்தெடுக்க, அவள் விக்கிரமபுரியின் அரசாகிறாள். இது பழங்கதைப் பாணி. ஆனால் அரசிருக்கையில் அமர்ந்தபின் அவள் செய்வன யாவும் ஒரு முனிசீபின் மனக்குறைகளே. நியாயாதிபதிகள் எப்படி இருத்தல் வேண்டும், கைக்கூலி எப்படி ஒழியும் என்றெல்லாம் ஆராய்கிறாள். தமிழர் வழக்காடும் மன்றத்தில் தமிழ் வழக்கறிஞர் தமிழ் நீதிபதிமுன் ஆங்கிலத்தில் வாதாடும் பேதைமையும் அந்நூலிற் கடுமையாக எள்ளப்படுகிறது. குருடனுக்குச் சித்திரம் காட்டுவது போன்ற அந்த வழக்கத்தை அவர் பல்லாண்டு கண்ணாரக் கண்டவர். யாரோ சொல்லக் கேட்டு எழுதினாரல்லர்.

அந்நூலில் என் மாணாக்கருக்குப் பெரிதும் பிடித்தது செருப்புத் தைப்பவனின் வழக்கு. அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் அவனைச் சந்தோஷப்படுத்துவதாகப் பிரதாபன் கூறிவிடுகிறான். கூலி எவ்வளவு கொடுத்தும் தொழிலாளி தனக்குச் சந்தோஷமில்லை என்கிறான். வழக்கு மன்றுக்குப் போகிறது. நீதிபதி சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறார். பிரதாபன் சிறை செல்கிறான். பின்னர் அரச கோலத்திலிருக்கும் ஞானாம்பாள் அத்தொழிலாளியை அழைத்து, புதிய அரசர் பட்டமேறியது அவனுக்குச் சந்தோஷந்தானா என்று வினவுகிறாள். இல்லையென்று சொல்ல எந்தக் குடிமகனுக்கு வாய் வரும்? சந்தோஷமென்று அவன் ஒப்புக்கொண்டவுடனே வழக்கும் தீர்ந்தது. வகுப்பில் சிரிப்பு அடங்க நெடுநேரமாகும். வழக்குமன்றில் ஒரு சொல் படும் பாட்டை உள்ளிருந்து கண்டவரே அதனை எழுதியிருத்தல் கூடும்.

அதன்பின் 1885இல் எங்கள் நாட்டில் சித்திலெப்பை அசன்பே சரித்திரம் எழுதினார். அவரும் சட்டத்துறையிலிருந்தவரே என்பது கவனிக்கத்தக்கது. வேதநாயகரின் இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி 1887இல் வெளிவந்தது; முதல் நூலின் உயிர்ப்பு அதற்கு இல்லை. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி அவர் இவ்வுலகை நீத்தார். மகாவித்துவான் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்திருந்தார். தேசிகரும் முந்திய ஆண்டிற் பரிபூரணமடைந்தார். மாயூரத்துத் திண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின.

எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மூதாட்டியாரின் கடிதம் அதற்குப் பல்லாண்டு பின்னர் வந்தது. அக்கடிதத்துக்கு மறுநாள், எங்கள் மேல்வகுப்பு மாணாக்கருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். சோலைவரி உயர்ந்ததை ஊராருக்கு அறிவிக்கும் கடிதத்தைத் தமிழில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி வருக என்றேன். யானும் ஒன்று எழுதினேன். பதினான்கு கடிதங்கள் சேர்ந்தன. அவற்றை விடுதிச் சமையற்காரருக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, எது விளங்குகிறது என்று கேட்டோம். மாணாக்கருடையவற்றுள் மூன்றை அவர் தேர்ந்தார். என்னுடையதைக் கேட்டு முடித்தபின் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்குக் காசு கட்டவேண்டுமா வேண்டாமா என்று மிகவும் பணிவாக வினவினார். அன்று மாலை அம்மூன்று கடிதங்களுள் ஒன்றைப் பிரதிசெய்து, அயல்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.